இரண்டாவது தடவை கேட்டால்

ஓர் எவர்சில்வர் தம்ளர், ஓர் அலுமினியக் கிண்ணம், இரண்டிலும் மோர். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்வாசல் படியில் என் அண்ணன் மகனும், எங்கள் பிளாக்கில் நாலைந்து வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்காவின் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏழு வயது. கோடை விடுமுறை. அம்மா ஒரே செம்பு மோரை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். தம்ளர் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு. கிண்ணம், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தொட்டியோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பது. அதைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் தம்ளரைத் தூக்கிக் காட்டி, "ஏய், எனக்குத்தான் நெறைய. பாரு, எவ்ளோ ஒசரம்!" என்றான். அந்தப் பெண் தன் கிண்ணத்தைப் பார்த்தாள், அவன் தம்ளரைப் பார்த்தாள். "ஒன்னுது ஒசரம், என்னுது அகலம். ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒரே செம்புலருந்துதான ஊத்துனாங்க, நான் பாத்துகினுதான இருந்தேன்" என்றாள். "போடி, எனக்குத்தான் நெறைய" என்றான் அவன் மறுபடியும். "சரி, ஒனக்குத்தான் நெறைய. குடி" என்று சொல்லிவிட்டு அவள் தன் மோரைக் குடிக்கத் தொடங்கினாள்.

நிலைப்படியில் நின்றிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. சிதம்பரத்தில் எம்.ஏ. உளவியல் முதல் வருடத்தை முடித்துக்கொண்டு வந்திருந்தேன். குழந்தையின் அறிவு எப்படி வளர்கிறது என்ற பாடத்தில் அப்போதுதான் இதைப் படித்திருந்தேன். ஒரே அளவு தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் குறைந்துவிட்டதாகவும் ஒடுங்கிய பாத்திரத்தில் ஊற்றினால் கூடிவிட்டதாகவும் சின்னக் குழந்தை நம்பும். ஏழு வயதை ஒட்டி ஏதோ ஒரு நாளில், பாத்திரம் மாறினாலும் தண்ணீர் மாறாது என்பது அதற்குத் தெரிந்துவிடும். அதுவரை யார் எடுத்துச் சொன்னாலும் ஏறாது, தெரிந்த பிறகு யார் குழப்பினாலும் போகாது என்று பாடத்தில் இருந்தது. இந்தக் கடைசி வரி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அன்றைக்கு நான் பார்த்தது ஒன்றைத்தான்: பாடத்தில் வந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் ஒரு குழந்தை, இரண்டும் எங்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து மோர் குடிக்கின்றன! ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதது, பாத்திரம் தேய்க்கிறவள் மகளுக்கு எப்படித் தெரிந்தது?

அவளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அவள் பெயரை எழுதக்கூடாத இடத்தில் ஒரு தடவை எழுதிவிட்டேன். இங்கே எழுதப் போவதில்லை. கம்மாபுரம் போகிற வழியில், சுரங்கத்தின் விளிம்பு நெருங்கி வந்துவிட்ட ஓர் ஊர் அவர்களுடையது. சுரங்கத்துக்குள் ஊற்றுத் தண்ணீர் ஏறிவிடாமல் இருக்க இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் நகரியத்துக் குழாய்களில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும், அவர்கள் ஊரில் கிணறு வற்றிவிட்டது. பம்புத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கு நடந்துபோய்க் குடத்தில் மொண்டுவர வேண்டும். பாப்பா ஐந்து வயதிலிருந்து அந்த வேலை செய்கிறவள். இரண்டு சின்னக் குடம் ஒரு தவலை, அரைத் தவலை ஊற்றினால் குண்டானில் கழுத்துவரை வரும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தண்ணீரைச் சுமக்கிற குழந்தைக்குத் தண்ணீரைப் பற்றி, குழாயைத் திறக்கிற குழந்தையைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்: இதுதான் என் ஊகம். அன்று மாலையே என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு எட்டுப் பக்கம் எழுதிப் போட்டேன். எனக்கு எப்போதும் இந்த வியாதி உண்டு, யாரும் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன். "நல்ல யோசனை. இதையே ஒரு பக்கத்தில் எழுதவும்" என்று அஞ்சலட்டையில் பதில் வந்தது.

அப்பா சுரங்கத்தில் போர்மேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். "ஏட்டி, தண்ணிய இதுலேருந்து அதுல ஊத்திப் பாக்கதுக்கா ரெண்டு வருசம் காலேஜு? ஒங்க அம்மைகிட்டச் சொன்னா தெனமும் ஊத்துவாளே" என்று சிரித்தார். சிரித்தாலும் வேண்டியதை எல்லாம் செய்து கொடுத்தார். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர்களும் ஒரு பீங்கான் தட்டும் வாங்கித் தந்தார். பிளாக்குக்குப் பக்கத்திலிருந்த தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பேசி ஒரு வகுப்பறையும் ஏற்பாடு செய்தார். நகரியத்துக் குழந்தைகள் அங்கே என்னைப் படாதபாடு படுத்தினார்கள். "மிஸ், கொஞ்சம் டேபிள்ல சிந்திடுச்சு, அதனால இதுல கம்மி" என்றது ஒன்று. "தட்ட மாத்தி ஏமாத்துறீங்க" என்றது இன்னொன்று. எத்தனை தரம் கேட்டாலும் தாங்கள் நினைத்ததையே அடித்துச் சொன்னார்கள், சிலர் சண்டைகூடப் போட்டார்கள். பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான், இருந்தாலும் ஊர்க் குழந்தைகள் இவர்களைத் தாண்டிவிடுவார்கள் என்று இருந்தேன்.

ஊருக்குப் போவதற்கு அப்பா சொன்ன வழி எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. "நாளைக்கு சர்வே ஜீப்பு அந்தப் பக்கந்தான் போகுது. ஏறிக்கோ. சாயந்தரம் அதுலயே திரும்பிரலாம்." நகரியத்தில் ஜீப்பில் இடம் கேட்பது பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பது மாதிரி. நான் ஏறிக்கொண்டேன். ஊர் எல்லையிலேயே பிள்ளைகள் ஜீப்பின் பின்னால் ஓடிவரத் தொடங்கின. பெரியவர்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். என்னைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக் கையசைத்தேன். யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சர்வேக்காரர்கள் நிலம் அளக்கும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போக, நான் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

செய்முறை கண்டிப்பானது. ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றிய இரண்டு தம்ளர்களைக் காட்டி, இரண்டிலும் ஒரே அளவா, ஒன்றில் கூடுதலா குறைச்சலா என்று கேட்க வேண்டும். ஒரே அளவு என்று குழந்தை ஒத்துக்கொண்டதும் ஒன்றைத் தட்டில் ஊற்றிவிட்டு, அதே கேள்வியை அதே சொற்களில், ஓர் எழுத்து மாறாமல் மறுபடி கேட்க வேண்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. நான் கண்ணாடி முன்னால் நின்று பழகிவைத்திருந்தேன். முதலில் வந்த பையன், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். தட்டில் ஊற்றி மறுபடி கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த பேனாவைப் பார்த்தான், தட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கொறைச்சல்" என்றான். அடுத்தவளும் கொறைச்சல். அதற்கடுத்ததும் கொறைச்சல். எல்லாம் அதே தாழ்ந்த குரலில், ஒப்பித்த பாடம் மாதிரி. ஏன் இப்படி என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேன். முடிவு என் ஊகத்துக்கு நேர் எதிராகப் போகிறதே, இதை மறைக்காமல் எழுதுகிறேனே என்று என் நேர்மையைப் பற்றித்தான் யோசித்தேன்.

பதினாலாவதாகப் பாப்பா வந்தாள். என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், தெரிந்த அக்காவாயிற்றே. முதல் கேள்விக்கு, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றாள். தட்டில் ஊற்றினேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஏதோ வேற்று மனுஷியாகிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். தெருவில் டிரைவர் ஜீப்பைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தாள். "தட்டுல கொறைச்சல்தான்" என்றாள். 'க்கா'வை விட்டுவிட்டாள். எனக்குத் தெரியும், இந்தக் குழந்தைக்குத் தெரியும். உயரத்தையும் அகலத்தையும் பற்றி எனக்கே பாடம் எடுத்தவள். பேனா தாளின் மேல் நின்றது. கேட்டதை எழுது, உன் பிரியத்தை எழுதாதே என்பது நான் படித்த ஒழுக்கம். சாயங்காலமாகிவிட்டது, ஜீப் ஹாரன் அடித்தது, இன்னும் நாலு குழந்தைகள் பாக்கி. அந்த ஒழுக்கம், இந்த அவசரம், இரண்டுமே காரணந்தான். பெயருக்கு நேராக, 'தவறு' என்று எழுதினேன்.

பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். "உன் ஊகம் விழுந்துடுச்சு. விழுந்தா என்ன? முடிவு பளிச்சுனு இருக்கு பாரு. இப்படி ஒரு வித்தியாசம் நூத்துல ஒருத்தருக்குக் கிடைக்கும்" என்றார். நகரியக் குழந்தைகள் முன்னால், ஊர்க் குழந்தைகள் பின்னால். நகரியப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நன்றி சொல்லப் போனபோது, "அந்த லிஸ்ட் ஒரு காப்பி கொடுங்கம்மா, ரெக்கார்டுக்கு இருக்கட்டும்" என்றார். என் ஆராய்ச்சியையும் ஒருவர் கேட்கிறாரே! கார்பன் வைத்துப் பெயர், வயது, ஊர், விடை எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தேன். பெயர்கள் எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அடுத்த ஜூனில் அக்காவின் புருஷனுக்கு, நிலம் கொடுத்ததற்காக, சுரங்கத்தில் வேலை பர்மனென்ட் ஆயிற்று. கடைசி டைப் குவார்ட்டர்ஸில் ஒன்று கிடைத்துக் குடிவந்தார்கள். அக்கா பாத்திரம் தேய்ப்பதை விட்டாள். கடைசி நாளில் அம்மாவிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "காடு போச்சி, கெணறு போச்சி, போவட்டும்மா. எம் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துல மூணாப்பு படிக்கப் போறா. அது போதும்." வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளி திறந்த நாலாம் நாள் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். நான் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் அவசரத்தில் வந்திருந்தேன்.

"யம்மா, நீ என்னா எழுதிக் குடுத்த?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாப்பு பாஸ் பண்ணிட்டு வந்த புள்ளய ஒண்ணாப்புல ஒக்கார வச்சிட்டாங்க. அதுவும் தனி செக்‌ஷனாம். ஏன் சார்னு கேட்டா, 'வயசுக்கேத்த வளர்ச்சி இல்ல, படிச்ச பொண்ணு பாத்து எழுதியிருக்கு'ன்னு ஒம் பேரச் சொல்றாங்க. எங்க ஊரு புள்ளைங்க அத்தினி பேரும் அங்கதான் குந்தினு இருக்குதுங்க."

நான் குனிந்து பாப்பாவின் தோளைப் பிடித்தேன். "ஏன் பாப்பா அன்னிக்கு அப்படிச் சொன்னே? உனக்குத்தான் தெரியுமே!"

அவள் அம்மாவின் முந்தானைக்குள் பாதி மறைந்துகொண்டு சொன்னாள். "நீங்கதான ரெண்டாவது வாட்டியும் அதயே கேட்டீங்க. ரெண்டாவது வாட்டி கேட்டா கொறைச்சித்தான சொல்லணும்?"

அக்காதான் எனக்கு அதை விளக்கினாள், கோபமே இல்லாமல். "நட்டஈடு எழுத சர்வேக்காரங்க வந்து, 'தென்ன எத்தினி?'ன்னு கேட்டாங்க. இவுங்கப்பா பதினொண்ணுன்னாரு. சுத்திப் பாத்துட்டு வந்து மறுக்கா, 'எத்தினி?'ன்னாங்க. காய்க்காதது சேராதாம். ஒம்போதுன்னாரு. கெணத்துக்கும் அப்புடித்தான், கொட்டாய்க்கும் அப்புடித்தான். மறுக்கா கேட்டும் மொதல்ல சொன்னதயே சொன்னவன் மனுவத் தனியா வச்சிட்டாங்க. ஊரே கொறைச்சிச் சொல்லிச்சி. இதுங்க மாசக்கணக்குல அவங்க பின்னாடியே சுத்திகினு கெடந்துதுங்க. நீயும் அதே ஜீப்புலதான வந்து எறங்கின?"

அவ்வளவுதான். ஒரே மாலையில் எட்டுப் பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, கண்ணாடி முன்னால் முகத்தைக் கல்லாக்கிப் பழகிய எனக்கு, அந்த ஊரில் கேள்வி கேட்டால் என்ன அர்த்தம் என்று கேட்கத் தெரியவில்லை. தண்ணீர் எவ்வளவு என்று அந்தக் குழந்தைகள் பதில் சொல்லவில்லை. பேனாவோடு வந்தவளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பதில் சொன்னார்கள். அந்த வயதில் அதைக் கற்றிருந்தது எவ்வளவு பெரிய அறிவு! அதற்கு என் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

மறுநாள் காலை தம்ளர், தட்டோடு தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரே வாரத்தில் நாற்பது குழந்தைகள் வந்து இறங்கினால் யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல், கையில் கிடைத்த ஒரே காகிதத்தை நம்பினவர். "சரிம்மா, என் கண் முன்னால செஞ்சு காட்டுங்க. சரியாச் சொன்னா இன்னிக்கே மூணாம் வகுப்பு" என்றார். அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். இந்தத் தடவை முதல் கேள்வியை விட்டுவிட்டு, ஊற்றிய பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். பாப்பாவிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை, சொல்லிக்கொடுத்த பதில் பதிலாகாது. மறுபடி கேட்காதீர்கள் என்று தலைமை ஆசிரியரையும் எச்சரிக்கவில்லை, நான் விடையை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிவைக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். ஊற்றினேன், கேட்டேன். பாப்பா தட்டைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். தட்டு அகலமா இருக்குதுல்ல, அதான் தாழ்ந்து தெரியுது" என்றாள் தெளிவாக.

தலைமை ஆசிரியரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சரியான விடை கேட்ட எந்த வாத்தியாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அதை இன்னொரு தடவை கேட்கும் ஆசையில் முன்னால் சாய்ந்து, "அப்படியா? நல்லாப் பாத்துச் சொல்லு. எதுல நெறைய, எதுல கொறைச்சல்?" என்றார். "சார்!" என்று நான் சொல்வதற்குள் முடிந்துவிட்டது. பாப்பா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "தட்டுல கொறைச்சல் சார்."

"பாத்தீங்களாம்மா, நிலையா இல்லையே" என்றார் அவர், வருத்தமாகத்தான். தென்னை மரம், கிணறு, ஜீப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசிவரை கேட்டார். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா. ஆனா வகுப்புல டீச்சர் ரெண்டு தடவ கேப்பாங்க, மூணு தடவ கேப்பாங்க. பரீட்சையும் திரும்பத் திரும்பத்தான் கேக்கும். அங்க மூணாம் வகுப்புல உக்கார வச்சா என்ன பண்ணுவா?" தம்ளர்களையும் தட்டையும் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாப்பா மட்டும், தான் சரியாக நடந்துகொண்ட நிம்மதியில், என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பேராசிரியரிடம் போய், முடிவு தப்பு, திரும்ப எழுதுகிறேன் என்றேன். "தோத்துப்போன ஊகத்துக்கு இப்பக் காரணம் தேடறே. ஒரு குழந்தையை வச்சு ஆராய்ச்சி பேசாதே" என்றார். கெஞ்சியதில் அடிக்குறிப்பாக நாலு வரி சேர்க்க விட்டார். அந்த நாலு வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் நினைத்திருந்தால் ஆய்வேட்டையே கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். தேறினேன். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். வருடா வருடம் அந்தத் தண்ணீர்ப் பாடம் வரும். தென்னை மரக் கதையையும் சேர்த்துச் சொல்வேன். மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள், "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்பார்கள்.

அந்த ஊர் இப்போது இல்லை. ஒருநாள் சுரங்கத்து மேட்டிலிருந்து அப்பா கைகாட்டி, "அந்தா, அந்த மெஷின் அரைக்கிற எடந்தான்" என்றார். செம்மண், அதற்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே கறுப்பு. பள்ளிக்கூடத் தாழ்வாரம் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று காற்றில் தேடிக்கொண்டு நின்றேன். என் பட்டியல் மட்டும் போகவில்லை. நகரியத்து அந்தப் பள்ளியில் இன்றும் நிலம் போன ஊர்களிலிருந்து வரும் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒரு டீச்சர் தண்ணீர் ஊற்றிக் காட்டி இரண்டு தடவை கேட்கிறார். தண்ணி டெஸ்ட் என்று பெயராம். யார் தொடங்கியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான்தான் என்று இரண்டு கடிதம் போட்டேன். பதிலில்லை. நேரில் போனேன். புதிய தலைமை ஆசிரியர், "நல்ல டெஸ்ட்தானே மேடம், பரவலா இருக்கறதுதானே" என்று காபி வரவழைத்தார்.

பாப்பா அந்தத் தனி செக்‌ஷனில் இரண்டு வருடம் இருந்தாள். முழங்கால் பெஞ்சில் இடிக்கும் என்பதால் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காருவாளாம். அவள் உள்ளே வந்தால் சின்னதுகள், "ஆயா வந்துடுச்சி, எந்திரிங்கடா" என்று எழுந்து நின்று கும்பிடுமாம். ஐந்தாம் வகுப்பில் வயதுக்கு வந்தாள், அதோடு படிப்பு நின்றது. இப்போது பதினைந்து. நடவு சமயத்தில் சித்தியோடு சேத்தியாத்தோப்புப் பக்கம் வேலைக்குப் போகிறாள். தையில் கல்யாணம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவளுக்குத்தான் என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அய்ய, அதுக்கு ஏன்க்கா நீங்க அழுவுறீங்க? சார் அன்னிக்கே சொன்னாருல்ல, நெலையா இல்லன்னு. அது நெசந்தான். எனக்கு எதுவும் நெலையா நிக்காது. கணக்கும் வரல, ஒண்ணும் வரல. நீங்க எழுதாட்டியும் அப்புடித்தான் ஆயிருக்கும்."

இதை நான் எப்படி மறுப்பது? நீ ஏழு வயதில் எங்கள் படியில் மோர் குடிக்கும்போது, 'ஒன்னுது ஒசரம், என்னுது அகலம், ரெண்டும் ஒண்ணுதான்' என்றாய் என்று சொன்னேன். சிரித்தாள், யாரோ ஒரு கெட்டிக்காரக் குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

அவளுக்குக் கீழே ஒரு தங்கை, ஐந்து வயது. வருகிற ஜூனில் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, அவர்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "உன் பேர் என்னம்மா?" என்றேன். என் கைப்பையின் ஓரத்தில் செருகியிருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "தெரியாது" என்றது. "அக்கா பேர்?" "தெரியாது." பாப்பா கைதட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களாக்கா? நான்தான் சொல்லிக் குடுத்தேன். பேனா வச்சிருக்கவங்க யாரு என்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு, எத்தினி வாட்டி கேட்டாலும் அதயே சொல்லு, அப்பறம் ஒன்னைய நெலையா இல்லன்னு யாரும் எழுத முடியாதுன்னு." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எங்கே அடிபட்டோம் என்று கண்டுபிடித்து, அதற்குத் தானாகவே ஒரு மருந்தும் கண்டுபிடித்து, தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். நான் நடத்தும் பாடத்தில் இதை அறிவு வளர்ச்சியின் மேல் படி என்பார்கள். ஜூனில் அந்தக் குழந்தைக்கு நேராக டீச்சர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும்.

பள்ளி திறக்கும்போது நானும் கூட வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லதுக்குத்தான் ஓடியார, எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்கி நீ வராதம்மா. நீ வந்தா எதுனா எழுதிடறாங்க." ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதை மறுபடி கேட்கவில்லை.

ஜூனுக்கு இன்னும் ஆறு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வருகிற வாரம் முதல் பஸ்ஸில் போகிறேன். பேனாவையும் கைப்பையையும் இங்கேயே வைத்துவிட்டுப் போவேன். சரியான விடை எதையும் சொல்லித்தரப் போவதில்லை, எதையும் கேட்கப் போவதுமில்லை. மல்லாட்டையோ புளியங்கொட்டையோ எது கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது என்னை ஏதாவது கேட்கட்டும். ஒரு குழந்தை பேசாமல் இருப்பதென்று தீர்மானித்துவிட்டால் ஆறு ஞாயிறு போதுமா என்று எந்தப் பாடத்திலும் இல்லை. போதாது என்றுதான் தோன்றுகிறது. கேட்டால் பதில் சொல்வேன். அது மறுபடியும் கேட்டால், அதே பதிலைச் சொல்வேன்.